பகல் ஒரு மணிப் பேய்

நம் பாட்டிமார் பேய்களுக்கு இரண்டு வேளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று நடுநிசி. மற்றொன்று உச்சிப்பொழுது. "உச்சி வேளையிலே கிணற்றடிக்குப் போகாதே, புளிய மரத்தடியிலே நிற்காதே" என்று எத்தனை முறை அதட்டியிருப்பார்கள்! நடுநிசிப் பேயைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம், பாழடைந்த பங்களா என்று அதை ஐம்பது வருஷம் வேலை வாங்கி ஓய்த்தும் விட்டார்கள். உச்சிவேளைப் பேயை யாரும் சீந்தவில்லை. 2009-ஆம் வருஷம் மார்ச் மாதம் வெளிவந்த "யாவரும் நலம்" என்ற படம்தான் அதைத் தேடிப்பிடித்து, ஒரு அடுக்குமாடி வீட்டின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. அதுவும் எங்கே? டெலிவிஷன் பெட்டிக்குள்ளே!

அந்தப் படம் வந்தபோது நான் கல்லூரி மாணவி. தோழிகள் நால்வருடன் போய்ப் பார்த்துவிட்டு, சேலையூரில் இருந்த சித்தியின் பிளாட்டுக்குத் திரும்பினேன். சித்தி மூன்றாவது மாடி. லிப்ட் உண்டு. அன்றைக்கு லிப்டில் ஏறாமல் படியேறிப் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. படத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, அதே சித்தி, அதே கூடம். எதிர் பிளாட் மாமியும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் இதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையாம். சாப்பாட்டுக் கடை முடிந்து மூவருமாக உட்கார்ந்தோம். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று. தாம்பரம் ஸ்டேஷன் கணக்கில் சொன்னால் 13.00.

படத்தில் எல்லாம் பதின்மூன்றுதான். பதின்மூன்றாவது மாடி, 13-பி என்ற கதவு எண். மனோகர் என்ற வாலிபர் கடன் வாங்கிச் சொந்தமாகப் பிளாட் வாங்கி, தாயார், அண்ணன், மன்னி, அவர்கள் குழந்தைகள், தங்கை, இளம் மனைவி என்று மொத்தக் குடும்பத்தோடும் குடியேறுகிறார். மனோகராக மாதவன். மனைவியாக நீத்து சந்திரா. தாயாராக சரண்யா. இதே கதையை "13பி" என்ற பெயரில் இந்தியிலும் கூடவே எடுத்தார்கள். அதில் தாயார் பூனம் தில்லான். டைரக்டர் விக்ரம் கே. குமார். காமிரா பி.சி. ஸ்ரீராம். வெயில் விழும் ஒரு சாதாரணக் கூடத்தையே பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும்படி அவர் காட்டியிருப்பதைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

(பதின்மூன்று ஆகாது என்பது வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போன பயம். நமக்குப் பழைய பகை எட்டாம் நம்பரோடுதான். ஆனாலும் மாமி, "எங்க நாத்தனார் பிளாட்டிலே பன்னிரண்டுக்கு அப்புறம் பதினாலுதான்!" என்றார். பயத்திலே மட்டும் நாம் உலகப் பொதுமக்கள்.)

குடிவந்த அன்றிலிருந்தே சின்னச் சின்னக் கோளாறுகள். அடுப்பில் வைக்கிற பால் திரிந்து போகிறது. பூஜை அறையில் சுவாமி படம் மாட்ட ஆணி அடித்தால் ஏறமாட்டேன் என்கிறது. லிப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, மனோகருக்கு மட்டும் நகர மறுக்கிறது. பக்கத்து வீட்டுக் கண் தெரியாதவரின் நாய் அந்த வாசற்படியைத் தாண்ட மறுக்கிறது. ரத்தமில்லை, அலறலில்லை. திரிந்த பால் போதும், நம் வீட்டுப் பெண்களுக்கு அன்றைய தினம் சரியில்லை என்று தெரிந்துவிடும். சித்தி அந்த இடத்தில், "ஆடியிலே குடி வந்திருப்பாளோ?" என்றார் கவலையோடு.

பிறகு மணி ஒன்று அடிக்கிறது. வீட்டுப் பெண்கள் டெலிவிஷன் முன் உட்காருகிறார்கள். புதிதாக ஒரு தொடர் ஆரம்பம். பெயர் "யாவரும் நலம்". அதிலும் ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது. இவர்களைப் போலவே தாயார், பிள்ளைகள், மருமகள்கள், ஒரு தங்கை. தொடரில் நடப்பதெல்லாம் இந்த வீட்டிலும் நடக்கிறது. நல்ல செய்தியாக நடக்கும்வரை சரி. நல்ல செய்தியை மட்டும் வைத்து எந்தத் தொடர் ஓடியிருக்கிறது?

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். "இங்கு யாவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்." நம் வீடுகளில் வந்த ஒவ்வொரு கார்டும் கவரும் அப்படித்தானே ஆரம்பித்தது? அந்த ஒரு வரிக்குக் கீழேதான் கடன், வியாதி, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் வரும். பேய்ப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரைத் தமிழில் வைக்க முடியாதென்பது என் அபிப்பிராயம்.

டெலிவிஷனைப் பேயாக்கிய முதல் படம் இது இல்லை. 1982-ல் அமெரிக்காவில் "போல்டர்கைஸ்ட்" வந்தது. ஒளிபரப்பு முடிந்த பிறகு திரையில் பூச்சி பறக்குமே, அந்த வெறும் இரைச்சலோடு ஒரு சின்னப் பெண் பேசிக்கொண்டிருப்பாள். மறு வருஷம், 1983-ல், கனடாவில் டேவிட் குரோனென்பெர்க் "விடியோட்ரோம்" எடுத்தார். டொரண்டோவில் சின்ன டெலிவிஷன் சேனல் நடத்தும் ஒருவன், பார்க்கத் தகாத நிகழ்ச்சி ஒன்றைக் கண்டு அதற்கு அடிமையாகிறான். பெட்டி மூச்சு விடுகிறது, திரை உப்பிக்கொண்டு அவனை அழைக்கிறது. வந்த புதிதில் வசூலில் தோல்வி. பிற்பாடு அதற்கென்றே ஒரு பக்தர் கூட்டம் சேர்ந்தது. அதில் ஒரு பேராசிரியர் வருகிறார். அவரை டெலிவிஷன் திரையில் மட்டுமே பார்க்க முடியும். நேரில் பார்க்கவே முடியாது. ஏன் என்பது கதையின் நடுவில்தான் தெரியும். 1998-ல் ஜப்பானில் "ரிங்கு". ஒரு கேஸட்டைப் போட்டுப் பார்த்தால் ஏழு நாளில் மரணம். கடைசியில் கூந்தல் முகத்தை மூட, ஒரு பெண் டெலிவிஷனிலிருந்து தவழ்ந்து வெளியே வருகிறாள். இன்னும் எனக்குச் சரியாகத் தூக்கம் வராத காட்சி அது.

விடியோட்ரோமிலும் ரிங்குவிலும் டெலிவிஷனைத் தனியாளாகப் பார்க்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியமாக, செய்யக்கூடாத காரியத்தைச் செய்கிறவர்களைப்போல. போல்டர்கைஸ்டின் சின்னப் பெண்ணும் வீடெல்லாம் தூங்கின பிறகுதான் பெட்டியிடம் வருகிறாள். நம் படத்தில் பட்டப்பகல். அப்பளம் பொரித்த வாசனை இன்னும் போகவில்லை. மாமியாரும் மருமகள்களும் பக்கத்தில் பக்கத்தில். யாரும் தப்புக் காரியம் செய்யவில்லை. பேய்க்குக் கதவைத் திறந்து விட்டவர்கள் யார் என்றால், பகலெல்லாம் உழைத்துவிட்டு அரை மணி உட்கார்ந்த பெண்கள்!

இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "உங்களுக்கெல்லாம் சீரியல்தான் உலகம்" என்று நம்மைக் கேலி செய்யாத ஆண் எந்த வீட்டில் இருக்கிறார்? 1993-ல் சன் டி.வி. வந்து, 1999 கடைசியில் ராதிகாவின் "சித்தி" ஆரம்பித்தபோது, அந்த நேரத்தில் தெருவே வெறிச்சென்று இருக்குமாம். அதற்கப்புறம் "மெட்டி ஒலி", "கோலங்கள்" என்று வரிசையாக வந்தன. 2006-க்குப் பிறகு அரசாங்கமே ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. ஆக, 2009-ல் இந்தப் படம் வந்தபோது, தமிழ்நாட்டில் பெட்டியில்லாத கூடம் அபூர்வம். கேலிக்கு ஆளாகாத பெண் அதைவிட அபூர்வம்.

கதையின் முதல் பாதி அந்தக் கேலியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பெண்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆண் ஒருநாள் எட்டிப் பார்ப்பான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். படத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். மெட்டி ஒலியில் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதியில் வளைகாப்பு நடந்தது என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவர் என் சித்தி. தொடரில் வருகிற தங்கை பரீட்சையில் பாஸ் செய்த அன்றைக்கே தம் வீட்டுப் பெண்ணும் பாஸ் செய்தால், அடுத்த விளம்பரம் வருவதற்குள் கண்டுபிடித்திருப்பார். நான் இதைச் சொன்னதும் சித்தி, "அடுத்த விளம்பரமா? டைட்டில் பாட்டு முடியறதுக்குள்ளே சொல்லியிருப்பேன்" என்றார்.

ஆனால் படம் கேலியோடு நின்றுவிடவில்லை. போகப் போக வேடிக்கையாக ஒன்று நடக்கிறது. தொடரை அலட்சியம் செய்த மனோகர்தான் அதற்கு அடிமையாகிறார். ஒரு மணியானால் வீட்டுக்கு ஓடி வருகிறார். ஒரு எபிசோடையும் விட முடியவில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். தொடரிலும் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவரால் பார்க்காமல் இருக்க முடியுமா? வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. போலீஸ்காரச் சிநேகிதரிடம் ஓடுகிறார். அப்போதுதான் தெரிகிறது, ஊர் முழுக்க அந்த நேரத்தில் வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறதென்று. இந்தத் தொடர் 13-பி என்ற ஒரே கூடத்துக்காக மட்டும் ஒளிபரப்பாகிறது!

அந்தக் கூடம் நிற்கிற மண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. அடுக்குமாடிக்கு முன்னால் அங்கே ஒரு தனி வீடு இருந்தது. 1977-ல் அதில் இவர்களைப் போலவே ஒரு கூட்டுக் குடும்பம் வாழ்ந்தது.

போல்டர்கைஸ்டிலும் இதே அஸ்திவாரம்தான். கல்லறைத் தோட்டத்தின்மேல் வீட்டு மனை போட்டுவிடுகிறார்கள். ஆனால் தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு இது எவ்வளவு நெருங்கின சமாசாரம்! சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், முடிச்சூர் என்று எங்கே போனாலும் இதே கதைதான். ரிடையரானவர் கட்டின ஓட்டு வீடோ மொட்டை மாடி வீடோ இருக்கும். முன்னால் ஒரு வேப்ப மரம், பின்னால் கிணறு, ரெண்டு தென்னை. பிள்ளைகள் வெளியூர் போவார்கள். பில்டர் வருவார். ஒன்றரை வருஷத்தில் எட்டுப் பிளாட். சித்தியின் கட்டடம் நிற்கிற இடத்திலும் ஒரு வீடு இருந்தது. கிணறு மட்டும் கார் நிறுத்துமிடத்தில் கம்பி மூடி போட்டு மிஞ்சியிருக்கிறது. யார் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று குடிவந்தவர்களில் எத்தனை பேர் கேட்டோம்? பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், பட்டா எண் இருக்கும். அந்தக் கூடத்தில் யார் கோலம் போட்டாள் என்பது இருக்காது.

1977-ல் அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பெயர் சித்ரா. டெலிவிஷனில் தோன்றும் பெண்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ல். ஆகவே 1977-ல் அது இரண்டு வயதுக் குழந்தை. கறுப்பு வெள்ளைப் படம். ஒரே நிலையம், மாலையில் சில மணி நேரம். பெட்டி வைத்திருக்க லைசென்ஸ் கட்ட வேண்டும். தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிகம். அந்த வீட்டு ஜன்னலில் தலைகள் அடுக்கி நிற்கும். அதற்கு முன்னால் நமக்குத் தெரிந்ததெல்லாம் குரல்தான். டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி ரேடியோவில் செய்தி வாசித்தால் காப்பியை ஆற விட்டுக் கேட்டவர்கள் உண்டு. அவர் முகத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? டெலிவிஷன் முகத்தைக் கொண்டுவந்தது. பிற்பாடு ஷோபனா ரவி செய்தி வாசித்த நாட்களில் செய்தியைக் கேட்டவர்களும் உண்டு, இன்றைக்கு என்ன புடவை என்று பார்த்தவர்களும் உண்டு. நானும் அந்தக் கதைகளை அம்மா சொல்லிக் கேட்டவள்தான்.

முகம் வந்ததோடு இன்னொன்றும் வந்தது. சினிமா நடிகை காமிராவைப் பார்க்கமாட்டாள்; பக்கத்தில் நிற்கிற கதாநாயகனைப் பார்ப்பாள். செய்தி வாசிக்கிற பெண் நேராகக் காமிராவின் கண்ணுக்குள் பார்க்கிறாள். ஆகையால் ஆயிரம் வீட்டில் ஆயிரம் பேரையும் அவள் தனித்தனியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். "வணக்கம்" என்று சிரித்தால் அது எனக்கான வணக்கம் என்று தோன்றும். 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் வருகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் ஒரு சிநேகிதம் உண்டாகிறது. ஆனால் அது ஒரு பக்கத்துச் சிநேகிதம். இவருக்கு அவரைத் தெரியும், அவருக்கு இவரைத் தெரியவே தெரியாது. பெரும்பாலோருக்கு இதில் ஒரு கெடுதலும் இல்லை. தனியாக இருக்கிற வயதானவர்கள், "வந்துட்டா நம்ம பொண்ணு" என்று டெலிவிஷனைப் பார்த்துச் சொல்லுவதில்லையா?

சித்ராவை அப்படி ஒருவன் பார்த்தான். அந்தச் சிரிப்பு தனக்கே என்று நம்பினான். அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயதார்த்தம் ஆகிறது. அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அதற்குப் பழியாக அவள் குடும்பமே சுத்தியலால் அடித்துக் கொல்லப்படுகிறது. வீட்டில் இருந்த மனநலம் சரியில்லாத ஒருவர் தலையில் கொலைப்பழி விழுகிறது. ஊரும் சுலபமாக நம்பிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களைப் பற்றி ஊர் எதைத்தான் நம்பாது? உண்மையில் அடித்தவன் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் படம் பார்க்காத சகோதரிகள் ஆபீசுக்கே சண்டைக்கு வருவார்கள்.

மாமி இதுவரை முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தவர், இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணினா?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலை மாமி."

"காமிராவைப் பார்த்துச் சிரிச்சா. அதுக்குத்தானே சம்பளம்?"

பேய்ப் படத்தில் எனக்குப் பிடிபடாத பயத்தை மாமி இந்த ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார். முதல் தடவை பார்த்தபோது லிப்டுக்குப் பயந்தேன். இப்போது பேய்க்கு எனக்குப் பயமே இல்லை. அந்தப் பேய்கள் பாவம், தங்களுக்கு நடந்ததைச் சொல்ல ஒரு வழி தேடுகின்றன. எந்தப் பெட்டி வழியாக அந்தப் பெண்ணின் முகம் கண்டவன் வீட்டுக்கெல்லாம் போனதோ, அதே பெட்டி வழியாகத் திரும்பி வருகின்றன. பயப்பட வேண்டியவன் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன்.

இது கற்பனைக் கதை. ஆனால் 1989-ல் அமெரிக்காவில் ரெபெக்கா ஷேபர் என்ற 21 வயது டெலிவிஷன் நடிகையை, லாஸ் ஏஞ்சல்சில் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு ரசிகன் சுட்டுக் கொன்றான். மூன்று வருஷமாக அவரையே நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். அதற்குப் பிறகுதான், 1990-ல், கலிபோர்னியாவில் ஒருவரை விடாமல் பின்தொடர்வதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டிலே? 1998-ல் தமிழ்நாட்டில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகச் சட்டம் வந்தது. விருப்பமில்லாத பெண்ணை ஓயாமல் பின்தொடர்வது இந்தியா முழுமைக்கும் ஒரு தனிக் குற்றமானது 2013-ல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354-டி பிரிவாக. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அது புதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. படம் வந்தது 2009. அதாவது சித்ராவின் கதையை நாம் தியேட்டரில் பார்த்துப் பயந்தபோது, அவளைப் பின்தொடர்ந்தவன் செய்ததற்குச் சட்டத்தில் தனியாக ஒரு பெயர்கூட இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாதியில் ஒரு காதல் பாட்டு வருகிறது. மாதவன் அழகாக இருக்கிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. (சித்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அது போதாதா?" என்கிறார்.) லிப்ட் வேடிக்கையை ஒரு முறை குறைத்திருக்கலாம். என் பெரிய குறை வேறு. சித்ராவைச் சுற்றித்தான் இவ்வளவும் நடக்கிறது. ஆனால் அவளை நமக்கு எவ்வளவு தெரிகிறது? அவள் எப்படி அந்த வேலைக்குப் போனாள், காமிராவுக்கு முன்னால் முதல் நாள் கை நடுங்கியதா, 1977-ல் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் டெலிவிஷனில் தோன்ற வீட்டில் எத்தனை பேரிடம் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது, இதெல்லாம் படத்துக்குத் தேவைப்படவில்லை. அவளைப் பார்த்தவன் கதைதான் அதற்கு வேண்டியிருந்தது.

படத்தின் கடைசி நிமிடம். பழி தீர்ந்தது, பால் திரியவில்லை, லிப்டும் மனோகருக்குக் கீழ்ப்படிகிறது. லிப்டுக்குள் நிற்கிறார். சட்டைப்பையில் செல்போன் ஒலிக்கிறது. எடுத்துக் காதில் வைக்கிறார். மறுமுனையில் பேசக்கூடாத ஒருவர் பேசுகிறார். பேய் டெலிவிஷனைக் காலி செய்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

2009-ல் அதைப் பார்த்துத் தியேட்டரில் சிரித்தோம். டைரக்டர் இன்னொரு பாகத்துக்குத் துண்டு போடுகிறார் என்று பேசிக்கொண்டு வந்தோம். அப்போது எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேரிடம்தான் காமிரா வைத்த போன் இருந்தது. இன்றைக்குச் சித்தியின் பிளாட் பெண்களில் பாதிப் பேர் கோலத்தையும் சமையலையும் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். சித்ராவைப்போல் நேராகக் காமிராவைப் பார்த்து, "ஹாய் சகோதரிகளே, வணக்கம்" என்கிறார்கள். இரண்டாவது மாடியில் ஒரு பெண் வத்தக்குழம்பு செய்து காட்டியதற்கு ஆயிரக்கணக்கில் பார்வையாளர்களாம். அதில் ஒருவன் தினமும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவளுக்குச் செய்தி அனுப்புகிறான். "நீங்க என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறீங்கன்னு தெரியும்" என்று. சித்தி சொன்னார். அந்தப் பெண் வீட்டில் சொல்லவில்லையாம். சொன்னால் முதலில் போனைத்தான் பிடுங்குவார்கள் என்று பயம்.

மாமி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"எங்கே மாமி? காப்பி குடிச்சுட்டுப் போங்களேன்."

"இரண்டாவது மாடிக்குப் போய்ட்டு வரேன். அந்தப் பொண்ணு தனியாத்தான் இருப்பா இந்நேரம்" என்றவர், வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது என்ன பிரிவு சொன்னே? எழுபத்தெட்டா? ஒரு காகிதத்திலே எழுதிக் குடு."